ஒயிலோடு ஒயில் சேருமா?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பொருளாதாரத் தடை நீடித்த அந்த ஆண்டுகளில் நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. ஹொண்டாவின் எம்.டி. 90, சி.90, சி.டி. 200, பெண்கள் விரும்பி ஓட்டிய சாலி என்று எதுவும் விலக்கில்லை. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உதைத்து எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயும் கலந்து ஓடின.

புகையும் நாற்றமும் எல்லோருக்கும் தெரிந்த சங்கடங்கள். எஞ்சினுக்குள் நடந்த சேதம் கண்ணுக்குத் தெரியாதது. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்க 150 பாகையைத் தாண்ட வேண்டும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களின் இடுக்கால் கசிந்து கீழே உள்ள ஒயிலோடு சேரும். கசிந்தது பெற்றோலாக இருந்தால், நன்கு சூடேறிய எஞ்சினின் 100 பாகை ஒயிலிலிருந்து அதன் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். மண்ணெண்ணெய்க்கு அந்தச் சூடு போதாது. ஒயிலுக்குள்ளேயே தங்கிப் பெருகும். அப்படி ஓடும் எஞ்சினில் ஒயில் குறைவதற்குப் பதிலாக மட்டம் ஏறும். ஒயில் கூடியிருக்கிறது என்று ஓட்டுபவர் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் எஞ்சின் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஒயில் எவ்வளவு இளகும் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். 40 தர ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பு, அதை அளக்கும் அலகான சென்ரிஸ்ரோக்கில் 100 பாகையில் 14 என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் சேர்ந்தால், எண்ணெய்க் கலவைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சூத்திரத்தின்படி அது 8.5 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது 40 தர ஒயில் 20 தரமாகிவிடுகிறது. மெல்லிய திரவம் தன் பங்குக்கு மேலாகவே தடித்த எண்ணெயை இளக்கிவிடும். ஒயில் கலப்பைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும் இந்த ஒரு கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

பாகுநிலை இவ்வளவு முக்கியமாவதற்கான காரணத்தை 1883இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் போஷாம்ப் டவர் தற்செயலாகக் கண்டார். ரயில் அச்சுகளைத் தாங்கும் பெயாரிங்குகளை அவர் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பெயாரிங்கின் மேற்புறத்தில் துளையிட்டபோது எண்ணெய் உள்ளே போகாமல் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஒடுங்கிய இடுக்குக்குள் நெருக்க, அங்கே உண்டாகும் அழுத்தமே அச்சின் முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்துகிறது. ஒஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். ஓடும் எஞ்சினில் இரும்பும் இரும்பும் தொடாமல் இருப்பது மைக்ரோமீற்றர் கணக்கில் அளக்க வேண்டிய அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தால்தான். எண்ணெய் இளகினால் படலம் மெலியும். படலம் அறுந்தால் உலோகம் உரசும்.

அப்படியானால் தடித்த ஒயிலே நல்லது என்று தோன்றும். யாழ்ப்பாணக் கராஜ்களில் இது நெடுங்கால நம்பிக்கை. "அண்ணை, சைக்கிள் பழசு, நல்ல தடிப்பான ஒயிலா விடுங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. பொறுமையான மெக்கானிக் என்றால், "தம்பி, முதல்ல புத்தகத்தில என்ன நம்பர் போட்டிருக்கெண்டு பாருங்கோ" என்பார். மெக்கானிக் சொல்வதே சரி. தடித்த ஒயில் எஞ்சினை எழுப்பிய முதல் நொடிகளில் மேலே உள்ள கம் தண்டுக்கும் வால்வுகளுக்கும் தாமதமாகவே போய்ச் சேரும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நொடிகளில் நடக்கும். அதன் பிறகும் ஒயிலைக் கலக்குவதற்கே எஞ்சின் சக்தியை வீணாக்கும். பெற்றோல் கூடச் செலவாகும்.

போத்தலில் இருக்கும் எண்களை வகுத்தது எஸ்.ஏ.ஈ. என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருப்பதில் இரண்டாவது எண், 100 பாகைச் சூட்டில் ஒயிலின் பாகுநிலை எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதைச் சொல்கிறது. 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரை 30, 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50. முதல் எண் குளிருக்கானது. 10டபிள்யூ ஒயிலை மறை 25 பாகையிலும் 20டபிள்யூ ஒயிலை மறை 15 பாகையிலும் சோதிப்பார்கள். நல்லூரில் தை மாத அதிகாலையில்கூட வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்ற எண்களுக்காக இங்கே கூடுதல் பணம் கொடுப்பதில் குளிர் சம்பந்தப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை. ஆனால் இங்கத்தைய காலை நேரத்திலும் 10டபிள்யூ-30ஐவிட 20டபிள்யூ-50 இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பாகவே இருக்கும். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று ஹீரோவும், பல்சர் 150க்கு 20டபிள்யூ-50 என்று பஜாஜும் குறிப்பிடுவது அந்தந்த எஞ்சினின் இடைவெளி, பம்ப், சூடு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துத்தான். அயலவரின் பல்சருக்கு நல்லதாக இருந்த ஒயில் ஸ்பிளெண்டருக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒயிலுக்கு எப்படி இரண்டு எண்கள்? எண்ணெய் எதுவும் சூடேறினால் இளகும். அந்த இளக்கத்தைக் குறைக்க நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பொலிமர்களைச் சேர்க்கிறார்கள். குளிர்ந்த ஒயிலில் இவை நூல்பந்துபோலச் சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும். சூடேறும்போது அவிழ்ந்து விரிந்து, எண்ணெய் ஓடுவதற்குத் தடை செய்து அதன் தடிப்பைக் காக்கும். காரில் இந்த நூல்களுக்கு ஓரளவு நிம்மதியான வாழ்வு. மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. காரின் கியர்ப்பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. கிளச் பெரும்பாலும் உலர்ந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர்ப்பெட்டி, கிளச் ஆகிய மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. கியர்ப் பற்களுக்கு இடையே சிக்கும் பொலிமர் நூல்கள் துண்டு துண்டாக அறுபடும். புதிதாக விட்டபோது 40 தரமாக இருந்த ஒயில் சில ஆயிரம் கிலோமீற்றரில் 30 ஆகிவிடுவது இதனால்தான். அளவும் குறைவு. காருக்கு மூன்று நான்கு லீற்றர் என்றால் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றரை ஒட்டியே விட முடியும். மூன்று வேலையும் செய்து, காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினின் சூட்டையும் சுமப்பது இந்த ஒரு லீற்றர்தான்.

கிளச் விஷயத்தில் பிழை விட்டால் உடனே தெரியும். கிளச்சில் உராய்வுத் தட்டுகளும் இரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருக்கும். ஒயிலுக்குள் மூழ்கியபடியே அவை ஒன்றையொன்று வழுக்காமல் பிடிக்க வேண்டும். எஞ்சினுக்குள் உராய்வு குறைய வேண்டும். கிளச்சுக்குள் உராய்வு இருக்க வேண்டும். ஒரே எண்ணெய் இரண்டையும் செய்ய வேண்டும் என்பது உண்மையிலேயே கடினமான எதிர்பார்ப்பு. எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகக் கார் ஒயில்களில் உராய்வு குறைக்கும் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, அதே ஒயிலை விட்ட மோட்டார் சைக்கிள்களில் கிளச் வழுக்கும் சிக்கல் எழுந்தது. அதற்கு விடையாக ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பான ஜாசோ 1998இல் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனித் தரத்தை வகுத்தது. உண்மையான கிளச் தட்டுகளைச் சோதனை ஒயிலில் சுழல விட்டு, பிடிக்கும் வலுவையும் நிற்க எடுக்கும் நேரத்தையும் அளந்து ஒயிலை வகை பிரிப்பார்கள். உராய்வு நன்கு நிலைக்கும் ஒயிலுக்கு எம்.ஏ.; குறைந்த உராய்வு ஒயிலுக்கு எம்.பி. எம்.ஏ. வகையைப் பின்னர் எம்.ஏ.1, எம்.ஏ.2 என்றும் பிரித்தார்கள். பிடிமானம் கூடியது எம்.ஏ.2.

கையால் கியர் மாற்றும் கிளச் இல்லாத டியோ போன்ற ஸ்கூட்டர்களில் பெல்ட்டும் உலர் கிளச்சும் எஞ்சின் ஒயிலுக்கு வெளியே இருக்கின்றன. அதனால் ஹொண்டா டியோவுக்கு 10டபிள்யூ-30 எம்.பி. ஒயிலைச் சொல்கிறது. அதே ஒயிலைப் பல்சருக்கு விட்டால் அக்சிலேற்றரைத் திருக எஞ்சின் மட்டும் அலறி, வேகம் ஏறாமல் போகலாம். மறுபக்கமாக, டியோவுக்கு எம்.ஏ. ஒயிலை விட்டால் கெடுதல் எதுவும் இல்லை. சிறிதளவு பெற்றோல் கூடச் செலவாகலாம், அவ்வளவுதான். பழைய வாகனங்களைப் பேணும் யாழ்ப்பாணத்துக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாலியைப் பார்ப்பவர்கள் அதை ஸ்கூட்டர் என்றே நினைப்பார்கள். 1972இல் ஹொண்டா அறிமுகப்படுத்திய சாலியின் உள்ளே இருப்பதோ சூப்பர் கப் குடும்பத்து எஞ்சின். கிளச் பிடி இல்லாமல் காலால் கியர் மாற்றும் சாலியின் கிளச்சும் எம்.டி. 90இன் கிளச்சும் ஒயிலுக்குள்ளேதான் இருக்கின்றன. பெயரையும் தோற்றத்தையும் நம்பி ஸ்கூட்டர் ஒயிலை விட்டால் நாற்பது வயதுச் சாலி ஏற்றத்தில் மூச்சுத் திணறும். அதற்கு வேண்டியது எம்.ஏ.

இனி, கையில் இருக்கும் இரண்டு ஒயில்களைக் கலக்கலாமா என்ற கேள்வி. முதலில், கடையில் வாங்கும் போத்தலுக்குள் இருப்பதே ஒரு கலவை. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மிகுதி சேர்க்கைப் பொருட்கள். அழுக்கைக் கழுவும் கல்சியம், மக்னீசியச் சேர்மங்கள், கரித்துகளைத் திரளவிடாமல் மிதக்க வைப்பவை, 1940களிலிருந்து தேய்மானத்தைத் தடுத்துவரும் சிங்க், பொஸ்பரஸ் சேர்மம், ஒயில் சூட்டில் கெடாமல் காப்பவை, பொலிமர்கள், நுரை அடக்கும் சிலிக்கோன் என்று அந்தப் பட்டியல் நீளும். சிலிக்கோனின் அளவு பத்து லட்சத்தில் சில பங்குகள்தான். இவற்றில் சில ஒன்றோடொன்று போட்டி போடுபவை. உலோகப் பரப்பில் இடம் பிடிக்கத் தேய்மானத் தடுப்பானும் கழுவும் பொருளும் முண்டியடிக்கும். ஒன்று கூடினால் மற்றதன் வேலை குறையும். அந்தச் சமநிலையை எட்ட எஞ்சின்களை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் ஒரு ஒயிலுக்குத் தரச் சான்று கிடைக்கிறது. அந்தச் சான்று அந்தக் கலவைக்கு மட்டும் உரியது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏ.பி.ஐ.யின் தரம் பெறும் எந்த எஞ்சின் ஒயிலும் மற்ற ஒயில்களோடு பிரியாமல், வண்டல் படியாமல் கலக்க வேண்டும் என்பது விதி. மாதிரி ஒயில்களோடு கலந்து, குளிரவும் சூடாக்கவும் செய்து சோதிப்பார்கள். ஆகவே மினரல் ஒயிலில் சிந்தெற்றிக் ஒயில் சேர்ந்தால் திரைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் நடுவே மட்டம் குறைந்துவிட்டால், கிடைக்கும் எம்.ஏ. ஒயிலைக் கால் லீற்றர் விட்டு வீடு வந்து சேர்வது வெறும் எஞ்சினோடு ஓடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பிரச்சினை எழுவது கலவையிலிருந்து புதுத் தரத்தை எதிர்பார்க்கும்போது. 14 சென்ரிஸ்ரோக் உள்ள 20டபிள்யூ-40 அரை லீற்றரையும் 10.5 உள்ள 10டபிள்யூ-30 அரை லீற்றரையும் சேர்த்தால் 35 தரம் என்று ஒன்று கிடைக்காது. கணக்கிட்டால் கலவை 12.1 அளவில் நிற்கும்; அது 30இன் எல்லைக்குள். 40 கேட்கும் எஞ்சினுக்கு அது புதிதாக விட்ட அன்றே ஒரு படி குறைந்த ஒயில். விலை கூடிய சிந்தெற்றிக்கில் பாதியை மினரலோடு சேர்ப்பவருக்கும் இதே கதி. சிந்தெற்றிக் ஒயில் நீண்ட தூரம் தாங்குவதற்குக் காரணம் அதன் மூலக்கூறுகள் ஒரே சீராக இருந்து சூட்டுக்கு எளிதில் கெடாமல் நிற்பது. மினரல் பாதி கெடும்போது முழு ஒயிலையும் மாற்றத்தான் வேண்டும். கூடக் கொடுத்த பணம் வடிகாலோடு போகும். எம்.ஏ. ஒயிலோடு எம்.பி.யோ கார் ஒயிலோ சேர்ந்தால் உராய்வு குறைக்கும் பொருள் சிறிதளவே கலந்திருந்தாலும் கிளச் அதை உணரும்.

உண்மையிலேயே சேராத ஒயிலும் வரலாற்றில் இருந்தது. சார்ல்ஸ் வேக்ஃபீல்ட் 1899இல் தொடங்கிய நிறுவனம் 1909இல் காஸ்ரோல் என்ற ஒயிலை வெளியிட்டது. அந்தப் பெயருக்கு மூலம் காஸ்ரர் ஒயில், அதாவது குடாநாட்டு வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய். முதலாம் உலகப் போரின் விமான எஞ்சின்கள் பல ஆமணக்கெண்ணெயை ஒயிலாகக் கொண்டு ஓடின. பந்தய மோட்டார் சைக்கிள்கள் பிறகும் பல ஆண்டுகள் அதையே நாடின. அதன் கொழுப்பமிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரிசினோலியிக் அமிலம். அதிலுள்ள ஒட்சிசன்–ஐதரசன் கூட்டம் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆனால் அதே கூட்டம் பெற்றோலியத்திலிருந்து எடுத்த எண்ணெயோடு ஒன்றக் கலக்க விடாது. இரண்டையும் ஒரே எஞ்சினில் விட்டால் பிரிந்து நிற்கும். சூட்டில் ஆமணக்கெண்ணெய் பிசினாகி ஒயில் வழிகளை அடைக்கும். தாவர எண்ணெயை எஞ்சின் ஒயிலோடு சேர்ப்பதில் இன்றும் உள்ள ஆபத்து இந்தப் பிசினே.

கலப்பதற்கென்றே செய்த ஒயில் ஒன்றே ஒன்று: இரண்டு வீச்சு எஞ்சின்களுக்கான 2ரி. லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் அளவில் சேர்த்து, எரிபொருளோடு சேர்ந்தே எரிந்துபோகும்படி சாம்பல் குறைவாகச் செய்யப்படுவது. இரண்டு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இலங்கை 2008இல் நிறுத்திய பின் கடைகளில் 2ரி போத்தல்கள் குறைந்துவிட்டன. இருக்கும் போத்தலை நான்கு வீச்சு எஞ்சினின் ஒயில் துளைக்குள் விட்டால், கியரின் அழுத்தத்தைத் தாங்க அதில் எதுவும் இல்லை.

ஒயிலில் கலப்பவை ஓட்டுபவர் சேர்ப்பவை மட்டும் என்றில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகும். அதில் பெரும்பகுதி புகைக்குழாயால் ஆவியாகப் போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கும். எஞ்சின் நன்கு சூடேறினால் அந்த நீரும் ஆவியாகும். கோயில் வீதியிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை, மீண்டும் வீடு என்று இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு முறை நிறுத்தப்படும் ஸ்கூட்டரில் ஒயில் சூடேற நேரமே கிடைக்காது. நீர் தங்கும், ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் நுரை படியும். அமிலம் உண்டாகிப் பெயாரிங்கை அரிக்கத் தொடங்கும். குறைவாக ஓடும் வாகனத்துக்குக் கிலோமீற்றரோடு மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதற்காகவே.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நிலைமை தலைகீழ். 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட, மாற்றுப் பாதைகளில் வாகனங்கள் முதலாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். காற்றால் குளிர வேண்டிய எஞ்சினுக்குக் காற்றே இல்லை. ஒயிலின் சூடு பத்துப் பாகை கூடினால் அது ஒட்சியேற்றம் அடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் அனுபவக் கணக்கு. குறுந்தூர ஓட்டமும் ஊரும் நெரிசலும் ஒயிலின் ஆயுளைக் குறைப்பவை. கொழும்பு வரை ஒரே மூச்சில் ஓடிய வாகனத்தின் ஒயில் இவற்றைவிட நல்ல நிலையில் இருக்கும்.

ஒயில் கறுத்துவிட்டதே, மாற்ற வேண்டாமா என்று பலர் பதறுவார்கள். கரித்துகளைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும் ஒயில் கறுக்கத்தான் செய்யும். அது தன் வேலையைச் செய்கிறது. நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சூடான எஞ்சினின் அளவுக் கம்பியிலிருந்து ஒரே ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டு, தாளைக் கிடையாக வைத்துச் சில மணி நேரம் விட வேண்டும். துளி மெல்லப் பரவி வளையங்களாக விரியும். கறுப்பு நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக மங்கிச் சென்றால், கரியை மிதக்க வைக்கும் சக்தி இன்னும் ஒயிலில் இருக்கிறது. நடுவில் அடர்ந்த கறுப்புப் பொட்டு கூர்மையான விளிம்போடு நின்று, சுற்றிலும் எண்ணெய் மட்டும் வெளிறிப் பரவினால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. விளிம்பு நெளிந்து பிளவுபட்டால் நீரைச் சந்தேகிக்கலாம். துளியை விரல்களுக்கு இடையே வைத்து உரசிப் பார்க்கும் மெக்கானிக்கின் கைக்கு மணல்போல நறநறப்பு தென்பட்டால் அது உலோகத்தூள். அப்போது ஒயிலை மாற்றுவதோடு நிற்காமல் காரணத்தையும் தேட வேண்டும்.

கடையில் விற்கும் சேர்க்கைப் போத்தல்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். உராய்வை அறவே ஒழிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் திரவங்கள் முதலில் ஒழிப்பது கிளச்சின் பிடிமானத்தை. சிங்க் கூடுதலாகத் தருகிறோம் என்பவை, தேவையான அளவு ஏற்கெனவே இருக்கும் ஒயிலின் சமநிலையைக் கெடுக்கின்றன. ஜாசோ தரத்திலேயே பொஸ்பரஸ் 0.08 முதல் 0.12 வீதம் வரைதான் இருக்கலாம். கூடினால் புகைக்குழாயில் உள்ள நச்சுநீக்கி செயலிழக்கும். குறைந்தால் தேய்மானம் கூடும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் கியூ.ஆர். அட்டைக்கு ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளின் பெறுமதி என்ன என்பதை ஒவ்வொரு வீடும் உணர்ந்தது. விலை ஏறிய காலத்தில் போலி ஒயிலுக்கும் இடம் கிடைக்கும்: நன்கறிந்த பெயர் பொறித்த பழைய போத்தலில் வடிகட்டிய கழிவொயிலை அடைத்து விற்பது. மூடியின் முத்திரை வளையம் உடையாமல் இருக்கிறதா, தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் அழியாமல் அச்சாகியிருக்கின்றனவா, ஜாசோ வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். இனித் தேவைப்படாத வெறும் போத்தலைத் துளையிட்டு எறிந்தால் அதை மீண்டும் நிரப்ப யாராலும் முடியாது.

கழற்றிய ஒயிலை என்ன செய்வது என்பதுதான் யாழ்ப்பாணத்துக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, மூவாயிரத்துக்கு ஒரு முறை ஒயில் மாற்றும் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லீற்றர் கழிவொயில் வெளியேறும். அதில் தேய்ந்த உலோகங்களும், எரிதலில் உண்டாகிய, புற்றுநோயை விளைவிக்கக்கூடிய பல்வளைய ஐதரோகாபன்களும் கரைந்திருக்கும். ஒரு தடவை மாற்றி எடுக்கும் ஒயில் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கறையான் அரிக்காமல் இருக்கப் பனஞ்சிலாகைக்கும் வேலிக் கம்புக்கும் அதைப் பூசுவதும், மிகுதியைக் கோடிப்புறத்தில் ஊற்றுவதும் இங்கே நெடுநாள் வழக்கம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிக்கும் நீர், தோட்டத்துக்கு இறைக்கும் நீர் எல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீர். அந்தப் பாறை வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. அதன் மேல் இருக்கும் செம்மண் படை பல இடங்களில் மெல்லியது. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமல் கிணற்றுக்கு இறங்கப் பாதை தயாராகவே இருக்கிறது. இது எவ்வளவு உண்மை என்பதை நல்லூரிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலுள்ள சுன்னாகம் காட்டியது. அங்கே வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் தம் கிணற்றைக் கைவிட்டுப் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். நிலத்தடி நீர் மாசுபட்டதற்கு அங்குள்ள அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பொறுப்பு என்று 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்த நிலையத்தின் அளவோடு ஒரு மோட்டார் சைக்கிளை ஒப்பிட முடியாதுதான். ஆனால் வீடு தோறும் ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் ஊரில், ஒவ்வொரு கோடியிலும் ஊற்றப்படும் ஒவ்வொரு லீற்றரும் அதே பாறைக்குள்தான் இறங்குகிறது.

வழி கடினமானதில்லை. கழற்றிய ஒயிலை அது வந்த போத்தலிலேயே ஊற்றி மூடி, தண்ணீரோ பெற்றோலோ சேராமல், ஒயில் சேகரிக்கும் கராஜில் கொடுக்கலாம். சுத்தமாகச் சேர்த்த கழிவொயிலை மீண்டும் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாக்கலாம். சீமெந்துச் சூளையின் உயர் வெப்பத்தில் எரிபொருளாகவும் பயன்படுத்தலாம். சேகரிப்பவர் வருவதற்குப் போதுமான அளவு ஓரிடத்தில் சேர வேண்டும், அவ்வளவே. யாழ். மாநகர சபையும் நல்லூர்ப் பிரதேச சபையும் கராஜ்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, மூடியுள்ள ஒரு பீப்பாயும் அதை ஏற்றிச் சென்றதற்கான பற்றுச்சீட்டும் கட்டாயம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அந்தப் பீப்பாயில் வெளியாட்கள் கொண்டுவரும் போத்தல்களையும் ஊற்ற இடம் விட்டால், வீட்டு முற்றத்தில் தானே ஒயில் மாற்றுபவருக்கும் போக ஓர் இடம் இருக்கும்.